மடி கட்டிய ஆடும் கசியும் இன்ஜினும்

பழைய காரின் ஹெட் கேஸ்கெட் கசிகிறது என்று பட்டறையில் சொன்னதும், பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன்பே, இதை யார் தலையில் கட்டலாம் என்று பலருடைய மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. தொழுகையிலும் நோன்பிலும் பேணுதலாக இருப்பவர்கள்கூட இதைச் சாமர்த்தியம் என்றே எண்ணுகின்றனர். இது சாமர்த்தியமன்று, மோசடி என்பதே என் கருத்து.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு இது தொலைவான செய்தியன்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து சாண்ட்ரோ வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. புத்தம்புதுக் கார்கள் ட்ரெய்லர்களில் ஏறிச் செல்லும் அதே சாலையில், ஆலைத் தொழிலாளர் பலர் ஓட்டுவது பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய வண்டியைத்தான். சுங்குவார்சத்திரத்திலோ படப்பையிலோ வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சீட்டு எடுத்தும் மனைவியின் நகையை அடகு வைத்தும் முதல் காரை வாங்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நாம் மறைத்த குறை அவருடைய குழந்தைகளோடு நெடுஞ்சாலையில் கொதித்து நிற்கும்.

குறை என்னவென்று தெரிந்துகொள்வது அவசியம். இன்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் அமரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடுதான் கேஸ்கெட். எரியும் வாயு, எண்ணெய், குளிர்விக்கும் நீர் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் காப்பது அதன் வேலை. இன்ஜின் மிகையாகச் சூடேறினால் அலுமினிய ஹெட் வளையும், தகடு வழிவிடும். வெளியே சொட்டு ஒழுகாமலே கூலண்ட் குறையும். சைலன்சரில் இனிய வாடையோடு வெண்புகை வரும். எண்ணெய் பால் கலந்த தேநீர் போலாகும். நம் ஊரில் நீர் உறையப் போவதில்லையே என்று கூலண்டுக்குப் பதில் ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறோம். கூலண்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது என்பதை மறந்துவிடுகிறோம். உப்புப் படிந்த ரேடியேட்டர் அடைத்துக்கொள்ள, சூடு ஏறுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளின் வழக்கமான வைத்தியம். அதனால் நோய் தீர்வதில்லை.

இனி விற்பனைக்கு வருவோம். ரேடியேட்டரில் ஊற்றினால் கசிவை அடைக்கும் திரவங்கள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் இருப்பது சோடியம் சிலிகேட்; சூட்டில் இறுகிப் பிளவை மூடும். சில நாட்களோ சில வாரங்களோ தாங்கும், பிறகு விட்டுவிடும். தன் காருக்குத் தானே ஊற்றிக்கொண்டால் அது தவறான சிக்கனம், அவ்வளவே. விற்பதற்காக ஊற்றினால் கதை வேறு. ஆட்டின் மடியைப் பல நாள் கறக்காமல் கட்டிவைத்து, பால் நிறைந்ததுபோல் காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்தவர் விரும்பினால் ஆட்டை வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுக்கலாம் என்றும் வழிகாட்டினார்கள். அதற்கு மூன்று நாள் அவகாசமும் உண்டு. புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது. கட்டிய மடிக்கும் சோடியம் சிலிகேட் அடைத்த கேஸ்கெட்டுக்கும் என்ன வேறுபாடு என்று எனக்கு விளங்கவில்லை.

"இருக்கிற நிலையில்தான் கொடுக்கிறேன், பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேனே" என்பார் சிலர். எந்தக் குறைக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனையை ஹனஃபி மத்ஹப் ஏற்கிறது. ஷாஃபிஈ மத்ஹபிலோ, தெரிந்தே மறைத்த குறையின் பொறுப்பிலிருந்து அந்த வாசகம் விற்பவரை விடுவிக்காது. உயிர்ப்பிராணியில் விற்பவருக்கே தெரியாத உட்குறைக்கு மட்டுமே அது செல்லும். கார் உயிர்ப்பிராணியுமன்று, குறை நமக்குத் தெரியாததுமன்று. சட்டத்தில் மத்ஹபுகள் வேறுபட்டாலும், மறைப்பதற்கென்றே ஒரு குப்பியை வாங்கி ஊற்றுவதை எந்த மத்ஹபும் ஆகுமாக்கவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? முடிந்தால் முறையாகச் சரிசெய்யுங்கள். ஹெட்டை இறக்கி, நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்து வளைவைப் பார்த்து, தேவைப்பட்டால் லேத்துக்கு அனுப்பிச் சமப்படுத்த வேண்டும். புதிய கேஸ்கெட், நிறுவனம் சொன்ன வரிசையில் சொன்ன விசையில் முடுக்கிய போல்ட்டுகள், புதிய கூலண்ட் ஆகியவையும் தேவை. பல இன்ஜின்களில் பழைய போல்ட்டைத் திரும்பப் பூட்டக் கூடாது. சூடேற்றிய மூலகாரணத்தைத் தீர்க்காவிட்டால் இத்தனையும் வீண். வண்டியின் மதிப்பைவிடச் செலவு மிஞ்சினால், குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து, விற்பனைத் தாளிலேயே அதை எழுதிக் கொடுங்கள். மெக்கானிக்குகளே அப்படி வாங்குவார்கள். அதுவும் இயலாதெனில் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையம் இருக்கிறது, ஆர்.சி.யை ரத்து செய்ய மறவாதீர்கள்.

வாங்குபவருக்கு ஒரு வார்த்தை. வண்டியை முன்கூட்டியே சூடேற்றி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை அப்போதுதான் திறக்க வேண்டும்; சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். உள்ளே இருப்பது கூலண்டா, வெறுந்தண்ணீரா, சேறா என்று பார்த்து, இன்ஜினை ஓடவிட்டுத் தொடர்ந்து குமிழி கிளம்புகிறதா என்று கவனியுங்கள். ஐயம் இருந்தால், விற்பவருக்குப் பழக்கமில்லாத ஒரு பட்டறையில் கம்ப்ரெஷன் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதற்கு மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். அவர் உங்கள் மஹல்லாக்காரராகவே இருந்தாலும்.