பாட்டு வேண்டும், பாட்டுக்காரன் வேண்டாமா?

"இசைக்கு ஏதுங்க சாதி?"

மயிலாப்பூர் சபா வாசலில் இதைக் கேட்டிருக்கிறோம். தி.நகர் ஒலிப்பதிவுக் கூடங்களில் கேட்டிருக்கிறோம். அடையாறில் நடக்கும் இலக்கியக் கூட்டங்களிலும் தவறாமல் கேட்டிருக்கிறோம். இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் மேடையில் இருப்பவர். மேடைக்குக் கீழே நிற்பவருக்கு இந்தச் சந்தேகமே வருவதில்லை. இசைக்குச் சாதி உண்டா என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

நாம் சொல்ல வருவதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஒருவர் எழுதிய பாடலை இன்னொருவர் பாடுவதில் எந்தத் தவறும் இல்லை. பாடல் அப்படித்தான் ஊர் ஊராகப் போகும், தலைமுறை தாண்டும். நாம் கேட்பது வேறு. பாடல் கைமாறும்போது பெயர் யாரிடம் போகிறது? பணம் யாரிடம் போகிறது? மேடை யாரிடம் போகிறது? இந்த மூன்றும் எப்போதும் ஒரே திசையில், சேரியிலிருந்து வெளியே மட்டும் போகுமானால், அதற்குப் பெயர் கலைப் பரிமாற்றம் அல்ல, உழைப்புச் சுரண்டல்.

நந்தனிலிருந்து தொடங்குவோம். பெரியபுராணத்தில் திருநாளைப்போவாராக வரும் நந்தனை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனார் சரித்திரமாக எழுதினார். பறையர் குலத்து விவசாயக் கூலி ஒருவர், தில்லைக்குப் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நிற்கும் கதை. எழுதியவர் பிராமணர். அதை நாம் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பண்ணையாளின் வேதனையைப் பாட்டில் வைத்ததற்கு ஒரு துணிவு வேண்டும். 1935இல் கே.பி.சுந்தராம்பாள் பக்த நந்தனாராகத் திரையில் பாடினார். 1942இல் ஜெமினியின் நந்தனாரில் தண்டபாணி தேசிகர் பாடினார். அருகில் வரலாமா என்று நந்தன் இறைஞ்சும் மாஞ்சி ராகப் பாடலை இன்றும் மார்கழிக் கச்சேரிகளில் கேட்டுக் கண் கலங்குகிறார்கள்.

நம் கேள்வி எளிமையானது. "நான் உள்ளே வரலாமா?" என்று நந்தனின் குரலில் பல தலைமுறைகளாகப் பாடிவரும் சபாக்களில், நந்தனின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் மேடை ஏறியிருக்கிறார்கள்? மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கியது. நூறு ஆண்டு நெருங்குகிறது. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். விரல்கள் மிச்சமிருக்கும். நந்தனின் அழுகை உள்ளே போய்விட்டது. நந்தன் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்.

பாட்டுக்கு மட்டும் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்திக் கட்டும் தலித் கிறிஸ்தவக் கலைஞர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா ஒரு புத்தகம் எழுதினார். 2020 பிப்ரவரியில் அதன் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கம் கொடுத்தது, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. நிகழ்ச்சி தரமணியில் உள்ள ஊடகக் கல்லூரிக்கு மாறியது. மிருதங்கம் அந்த மேடையில் இருக்கலாம். மிருதங்கம் செய்தவரின் பெயரைச் சொல்ல மட்டும் இடமில்லை.

இப்போது இன்னொரு பாடல். 'மனுசங்கடா'. எழுதியவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரையில் பிறந்த இசுலாமியர், ராயப்பேட்டை புதுக்கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டதன் கோபம் அந்தப் பாடலில் இருக்கிறது. அதை ஊர் ஊராகக் கொண்டு போனவர் கே.ஏ.குணசேகரன். சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்த தலித் கலைஞர், 'வடு' என்ற தன்வரலாற்றை எழுதியவர். இருவரும் 2016இல், ஜனவரியில் ஒருவரும் டிசம்பரில் ஒருவருமாக, நம்மை விட்டுப் போனார்கள்.

இங்கேயும் எழுதியவர் ஒருவர், பாடியவர் இன்னொருவர். ஆனால் குணசேகரன் பாடியதால் இன்குலாப் மறையவில்லை. இன்குலாப் எழுதியதால் குணசேகரன் சிறுக்கவில்லை. ஒரு பெயரைச் சொன்னால் இன்னொரு பெயரும் தானாக வரும். எரிக்கப்பட்ட மக்களின் வலியை அந்த மக்களில் ஒருவரே தன் தொண்டையால் திருப்பிச் சொன்னார். 2017க்கான சாகித்ய அகாடமி விருது இன்குலாபின் 'காந்தள் நாட்கள்' நூலுக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் குடும்பம் அதை ஏற்க மறுத்தது. பாட்டை எழுதியவரும் அவர் வீட்டாரும் எந்த மேடை வேண்டும், எந்த மேடை வேண்டாம் என்று தாங்களே முடிவு செய்தார்கள். கைமாறுவது இப்படியும் நடக்கும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று இது.

ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியது இதே ராயப்பேட்டையில். இன்குலாப் பாடம் நடத்திய கல்லூரியும் அங்கேதான். அங்கிருந்து மியூசிக் அகாடமிக்கு நடந்தே போய்விடலாம். தூரம் ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை.

இனி 'என்ஜாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் மாஜா என்ற தளத்தின் வழியாக வந்தது. தீ, அறிவு இருவரும் பாடினார்கள். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வரிகள் அறிவுடையவை. அரக்கோணத்திலிருந்து வந்து, தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடியவர் அவர். அயோத்திதாசரின் சாதிபேதமற்றோர் என்ற சிந்தனையிலிருந்து பெயர் பெற்ற குழு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமற்றவராகத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அந்தப் பாடல் பிறந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பக் கையெழுத்திட்டது. தேயிலைச் செடியை வளர்த்தவருக்கு அந்த மண்ணில் ஒரு சாண் இல்லை. இங்கே வந்தபோது இங்கும் இல்லை. கோடிக்கணக்கானோர் நடனமாடிய அந்தத் தாளத்துக்குள் இருப்பது இந்தக் கதை.

பாடல் வெளியான விதத்தைக் கவனியுங்கள். யூடியூபில் முதல் பெயர் தீ. அறிவின் பெயருக்கு முன்னால் 'ஃபீட்டரிங்' என்ற சொல். அதாவது சிறப்பு விருந்தினர். தன் பாட்டியின் கதைக்குப் பேரனே விருந்தாளி!

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். பேசப்பட்ட பாடல்கள் 'என்ஜாய் எஞ்சாமி', 'நீயே ஒளி'. இரண்டின் வரிகளும் அறிவு எழுதியவை. அட்டையில் அறிவு இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் இதைப் பொதுவெளியில் கேட்டார், கண்டனம் கிளம்பியது, அதன் பிறகு அறிவுக்கென ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. கேட்ட பிறகுதான் வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

2022 ஜூலை 28. செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா, நேரு உள்விளையாட்டரங்கம். உலகமே பார்க்கும் மேடையில் அந்தப் பாடல் ஒலித்தது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். மாரியம்மாள் உழைக்கும் மக்களின் பாடகர். அவர் மேல் நமக்கு எந்த வருத்தமும் இல்லை. அறிவு அங்கே இல்லை. சில நாட்களில் அவர் தன் மனக்குமுறலை எழுதினார். இந்தப் பாடலை இயற்றியதும் எழுதியதும் பாடியதும் தான் என்றார். சந்தோஷ் நாராயணனும் தீயும் பதில் சொன்னார்கள்: இது கூட்டு உழைப்பு, அறிவுக்கான மரியாதையை எப்போதும் கொடுத்தே வந்திருக்கிறோம், உரிமையும் வருவாயும் சமப் பங்கு, அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார்.

மெட்டு யார் போட்டது என்று தீர்ப்புச் சொல்ல நாம் அந்த அறையில் இல்லை. அவர்கள் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் நம் கேள்வி அசையாது. எழுதியவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் பெயர் கூடவா விமானம் ஏறிவிடும்? ஒரு பாடல் மூன்று பேருடையது என்றால், ஒவ்வொரு முறையும் விடுபடுபவர் ஏன் ஒரே ஆளாக இருக்கிறார்?

2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே ஒரு காணொளியில், அந்தப் பாடலிலிருந்து தங்களில் யாருக்கும் ஒரு பைசா கூட வரவில்லை என்று குற்றம் சாட்டினார். இது மூன்று கலைஞர்களின் மனத்தாங்கல் என்று சுருக்கிவிட முடியாது என்பதை இது காட்டுகிறது. ஒலிப்பதிவை வைத்திருப்பவருக்கும் பாடலை உருவாக்கியவருக்கும் இடையில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லோரும்தான் நிற்கிறார்கள். ஆனால் பெயர், குடும்பம், தொடர்பு உள்ளவர்கள் கொஞ்சம் உயரமான இடத்தில் நிற்கிறார்கள். சேரியிலிருந்து வந்தவர் பள்ளத்தில் நிற்கிறார்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. தென்னாப்பிரிக்காவில் சாலமன் லிண்டா என்ற சூலு இனத் தொழிலாளி 1939இல் 'ம்புபே' என்ற பாடலைப் பதிவு செய்தார். உரிமையைச் சொற்பக் காசுக்கு விற்றார். அதே மெட்டு 1961இல் அமெரிக்காவில் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆனது, பிறகு டிஸ்னியின் 'தி லயன் கிங்' வரை போனது. லிண்டா 1962இல் வறுமையில் செத்தார். அவர் மகள்கள் வழக்காடி 2006இல்தான் ஓர் உடன்பாடு கிடைத்தது. இன்னொரு பக்கம், ஓடிஸ் ரெடிங் 1965இல் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாடலை 1967இல் அரேதா ஃபிராங்க்ளின் பாடிப் பெண்களின் உரிமைக் குரலாக மாற்றினார். ஒரு கறுப்பினக் கலைஞரின் பாடலை இன்னொரு கறுப்பினக் கலைஞர் வளர்த்தெடுத்தார். பாடலாசிரியராக ரெடிங்கின் பெயர் அழியவில்லை. ஆனால் வானொலி ஒலிபரப்புக்கு அமெரிக்கச் சட்டம் பாடலாசிரியர் பக்கத்துக்கு மட்டும் பணம் தரும், பாடியவருக்குத் தராது. அரேதாவுக்கு அங்கே காசு இல்லை. ஆக, எந்த நாட்டிலும் சட்டம் யாரை எழுதி வைக்கிறதோ அவருக்குத்தான் சோறு.

நம் சட்டம் என்ன சொல்கிறது? கலை செய்யும் ஒவ்வொரு தோழரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2012இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டப்படி, பாடலை ஒலிப்பதிவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும், அது பயன்படுத்தப்படும்போது வரும் ராயல்டியில் சமப் பங்கு கேட்கும் உரிமை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உண்டு. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் 5 ஆண்டுதான். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்தான். 57ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: உரிமையை விற்ற பிறகும் "இதை எழுதியவன் நான்" என்று சொல்லும் உரிமை எழுதியவரிடமே இருக்கும். 31சி பிரிவின்படி, வேறொருவர் உங்கள் பாடலைக் கவர் பதிப்பாகச் செய்ய, முதல் பதிவான ஆண்டு முடிந்து 5 ஆண்டு காத்திருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவித்து, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியைக் கட்ட வேண்டும்.

சட்டம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. தீண்டாமை ஒழிப்பும் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. கானா பாடும் தம்பிக்கு ஒரு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டி, "போட்டுக் குடுப்பா, வாய்ப்பு வரும்" என்றால் அவன் கையெழுத்துப் போடுவான். வீட்டு வாடகை கட்ட வேண்டியவன் 57ஆம் பிரிவைப் பற்றிக் கேட்க மாட்டான். அதனால்தான் சட்டத்தை மட்டும் நம்பாமல், அவனோடு கூடப் போய் அந்தக் காகிதத்தைப் படிக்கும் அமைப்பு வேண்டும் என்கிறோம்.

"ஒப்பாரியும் நடவுப் பாட்டும் மக்கள் சொத்து, தனி ஆள் எப்படி உரிமை கோரலாம்?" என்று சிலர் கேட்பார்கள். மக்கள் சொத்துதான். ஆனால் இந்தத் தத்துவம் தயாரிப்பாளர் பதிவு செய்யும்போது மட்டும் எங்கே போகிறது? அவர் பெயரில் உரிமை எழுதலாம், பாட்டியின் பேரன் கேட்டால் மட்டும் அது பொதுச் சொத்தா? பொறம்போக்கு நிலத்தில் நாம் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு, பெரியவர்கள் போட்டால் வளாகம் என்பதும் இதே கணக்குதான்.

நிலத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பாடலைப் பேச முடியாது. 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகள் நீதிமன்ற உத்தரவின் பேரில் இடிக்கப்பட்டன. எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்தார். அடுத்த மூன்று மாதத்துக்குள் அதே நகரத்தின் அரசு மேடையில், நிலம் பறிபோனவர்களின் பாடல் வண்ண விளக்குகளோடு பாடப்பட்டது. பாட்டை மேடைக்கு அழைத்த நகரம், பாட்டுக்குரியவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. நந்தனின் பாட்டு சபாவுக்குள்ளும் நந்தன் வெளியேயும் என்ற பழைய ஏற்பாட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மாணவத் தோழர்களே, உங்களிடம் கேட்பது அதிகமில்லை. கல்லூரி விழாவில் ஒரு பாடலைப் பாடினால், பாடும் முன் எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள். ரீல்ஸ் போட்டால் பெயரை எழுதுங்கள். உங்கள் பகுதியில் கானா, ஒப்பாரி, பறை தெரிந்த அக்கா, அண்ணன், பாட்டி யாராவது இருந்தால், அவர்கள் கட்டும் பாட்டைத் தேதியோடும் பெயரோடும் பதிவு செய்து அவர்கள் கையிலேயே கொடுங்கள். சட்டம் படிக்கும் தோழர்கள் மாதம் ஒரு மாலை ஒதுக்கி, கலைஞர்களின் ஒப்பந்தங்களைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். விழா நடத்தும் அரசிடமும் சபாவிடமும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்: பாட்டை அழைத்தீர்களே, பாட்டுக்காரரை அழைத்தீர்களா?

அறிவு 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற பெயரிலேயே ஆல்பம் கொண்டுவந்தார். பாட்டியின் பெயரும் தன் உறவும் தலைப்பிலேயே இருக்கின்றன. இனி யாரும் அதற்கு முன்னால் 'ஃபீட்டரிங்' போட முடியாது.

ஜெய்பீம்.