இளவேனிலில் புறப்படும் பறவைகளும் ஏரிக்கரைக் கிராமங்களும்

சென்னை நகரைச் சுற்றியுள்ள செங்கற்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களின் ஏரிகளில் ஐப்பசி மாதந்தொட்டு அயல்நாட்டுப் பறவைகள் வந்திறங்குவதை அறியாத குடியானவர் இலர். அவை எப்பொழுது, எந்நிலையில் திரும்பிப் போகின்றன என்பதைக் கவனிப்போர் மிகச் சிலரே. மார்கழி, தை மாதங்களில் வேடந்தாங்கலுக்குத் திரளாக வரும் நகரத்தார், பங்குனி வெயில் ஏறியதும் வருகையைக் குறைத்துக்கொள்கின்றனர். ஆயினும், அபூர்வமான பறவைகளைக் கண்டறிவதற்கும், அவற்றுக்கு மெய்யான உதவி செய்வதற்கும் ஏற்ற காலம் பங்குனிப் பிற்பகுதியும் சித்திரையுமேயாகும். அக்காலத்தில் நாள்தோறும் ஏரியருகே நடமாடுபவர் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தருமே ஆதலால், இக்காரியம் நகரத்தாரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று.

பனிக்காலத்தில் உள்ளான் வகைகள் பலவும் சாம்பலும் பழுப்புமாய் ஒன்றுபோலவே தோன்றும். பழகிய கண்களும் அவற்றைப் பிரித்தறியத் திணறும். இளவேனில் நெருங்கவே அவை இனம் பெருக்கும் காலத்துக்குரிய புத்திறகு பூணுகின்றன. வளைமூக்கு உள்ளானின் மார்பும் வயிறும் செங்கல் நிறமடைகின்றன. மங்கோலிய உப்புக்கொத்தியின் மார்பில் செம்பட்டை போன்றதொரு நிறம் படர்கிறது. கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு பறவையின் எடை 20 முதல் 30 கிராம் வரையே இருக்கும். எனினும் அது முட்டையிடுவது வடதுருவத்தை அடுத்த பனிவெளிகளில். கிளுவை வாத்தும் சைபீரியா முதலிய வடபுலங்களுக்கே திரும்பிச் செல்கின்றது. இத்துணை நெடிய பிரயாணத்துக்குக் கட்டுச்சோறு வெளியே எங்கும் கட்ட இயலாது. உடம்பிலேயே கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீர் வற்றி வரும் ஏரியோரத்து ஈரச்சேற்றில் உள்ள புழுக்களும் பூச்சிகளின் இளம்பருவங்களுமே உள்ளான்களுக்கு அக்கொழுப்பைத் தருவன. ஆகவே புறப்பாட்டுக்கு முந்திய இரண்டு மூன்று வாரங்கள் அவற்றுக்கு உயிர்நிலையான நாட்கள்.

இடர்ப்பாடும் அவ்வாரங்களிலேயே நேருகின்றது. மீன்பாசிக் குத்தகைதாரர் எஞ்சிய நீரையும் இறைத்துவிட அவசரப்படுவதும், வண்டல் எடுப்போர் இயந்திரங்களை இறக்குவதும், கோரைக்குத் தீயிடுவதும் அப்பொழுதுதான். வண்டல் எடுத்தலைக் குறை கூறுவது பொருந்தாது. ஏரி ஆழப்படுவதும் வயல் வளம் பெறுவதும் வேண்டுவனவே. முறையை மாற்றினாலே போதுமானது. முதலில் காய்ந்துபோன மேட்டுப் பக்கத்தில் வெட்டத் தொடங்கி, நீர் தேங்கிய பள்ளத்தையும் அதனை ஒட்டிய சேற்றையும் சித்திரை முடியும்வரை விட்டுவைப்பதால் குடியானவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஈரச்சேற்றில் இறங்கிய இயந்திரம் புதைந்து, அதனை மீட்க மற்றோர் இயந்திரம் தேடுவோர் இதனை எளிதில் ஒப்புக்கொள்வர். கோரைக்குத் தீயிடுவதை அறவே விலக்குதல் நன்று.

பறவைகளால் பயிருக்குச் சேதம் இல்லையா என்ற ஆட்சேபம் எழுவது இயல்பே. சோளக்குருவிக் கூட்டம் கதிர் முற்றிய கொல்லையில் விழுந்தால் சேதம் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. அங்கே காவல் வைத்து விரட்டுவதும் நியாயமே. ஆயினும் அப்பறவை வெட்டுக்கிளியை விரும்பி உண்பது. சீன தேசத்தின் சிஞ்சியாங் பிரதேசத்தில் வெட்டுக்கிளியை அடக்கும்பொருட்டே அதற்குக் கூடு கட்டும் இடங்கள் அமைத்துக் கொடுத்துள்ளனர். ஏர் செல்லும் சாலின் பின்னே ஓடும் வாலாட்டிக் குருவியோ பூச்சிகளையே உண்கிறது. சேதம் செய்வது இன்னது, செய்யாதது இன்னது என்று பார்த்தறியாமல் வலை விரிப்பதும் நஞ்சு கலந்த தானியம் தூவுவதும் பேதைமை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

இதற்கு முன்னுதாரணத்தைத் தூரதேசத்தில் தேட வேண்டுவதில்லை. சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைப் பொறாத வேடந்தாங்கல் குடிகள் ஜாகீர்க் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமைக்குக் கவுல் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் நெல்வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்டிருந்தனர். அவர்களுடைய அன்பில் கணக்கும் கலந்திருந்தது. அதனால்தான் அது தலைமுறைகள் கடந்தும் நிலைத்தது போலும்.

அன்றினும் இன்று கிராம ஏரிகளின் பொறுப்பு மிகுந்திருக்கிறது. நகரின் தென்பால் உள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு, கட்டடங்களாலும் குப்பை மேட்டாலும் முன்னிருந்த பரப்பில் பெரும்பகுதியை இழந்துவிட்டது. 2022-இல் பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டமை மகிழத்தக்கதே. ஆனால் பறவைக்குப் பட்டியல் தெரியாது. பெயர்பெற்ற ஏரியில் இரை குறைந்தால், பெயரில்லாத சிற்றேரியில்தான் இறங்கும். அச்சிற்றேரியைக் காப்பதற்கு வேலியுமில்லை, காவலருமில்லை.

கிராம நிர்வாக அலுவலர் செய்யத்தக்க சிறு காரியம் ஒன்றுண்டு. ஒவ்வோர் ஆண்டும் கிளுவை கடைசியாகக் காணப்பட்ட தேதியையும், ஏரியில் அன்றிருந்த நீரின் அளவையும் ஒரு வரியில் குறித்து வைக்கலாம். அடங்கல் எழுதிப் பழகிய கைக்கு இது சுமையன்று. பத்தாண்டுக் குறிப்பு ஒன்றுசேர்ந்தால், நீரை எந்நாள்வரை விட்டுவைப்பது என்ற வழக்குக்கு அதுவே சாட்சியாகும்.

தோப்புடையவர் கவனிக்க வேண்டியது ஆறுமணிக் குருவியை. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவுவதால் இப்பெயர் பெற்ற அப்பறவை, தென்னாட்டுப் புதர்களில் பனிக்காலத்தைக் கழித்துவிட்டுக் கோடையில் வடக்கே செல்கிறது. இரவில் பறந்து களைத்து, விடியலில் தோட்டங்களில் விழுந்து கிடப்பதும் உண்டு. அதனைப் பூனையும் காக்கையும் அணுகாதபடி நிழலான புதரடியில் விட்டுவிட்டால், களைப்பு நீங்கியபின் தானே எழுந்து செல்லும். உதிர்ந்த இலைக்குப்பையில் பூச்சி பொறுக்கி உண்பது அதன் வழக்கமாதலால், தோப்பைத் துப்புரவாக்கும்போது ஒரு மூலையிலாவது சருகை அள்ளாமல் விடுதல் நலம்.

இறந்துகிடக்கும் பறவை எதன் காலிலேனும் உலோக வளையம் காணப்பட்டால், அதில் பொறித்துள்ள எண்ணையும், கண்டெடுத்த ஊரையும் தேதியையும் எழுதி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உயிருள்ள பறவையாயின், எண்ணை மட்டும் படித்துக்கொண்டு, வளையத்தைக் கழற்றாமல் பறக்க விட்டுவிட வேண்டும்.