கருத்தடை மனைவியின் பொறுப்பு மட்டுமா?

“எனக்கு ஒத்துக்கொண்டது, நீயும் அந்த மாத்திரையையே சாப்பிடு.” ஆசிரியர் அறையில் இப்படித்தான் கருத்தடை முடிவாகிறது!

35 வயதைக் கடந்து புகைபிடிப்பவருக்கும், உயர் இரத்த அழுத்தம் உள்ளவருக்கும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகாது. என் மனைவிக்கு அந்த அழுத்தம் இருந்தது. அளந்து பாராமலே ஈராண்டுகள் விழுங்கினார். உடன் சென்று கேட்காத குற்றம் என்னுடையது.

அடுத்த குழந்தை எப்போது, மாத்திரையை நாள் தவறாமல் உட்கொள்ள இயலுமா, பால்வினை நோய்க்கும் காப்பு வேண்டுமா (வேண்டுமெனில் உறையே விடை) என்பவற்றை இருவரும் சேர்ந்தன்றோ எண்ண வேண்டும்?

இனிக் குழந்தை வேண்டா எனில், மனைவியையே அறுவைக்கு அனுப்புவது என்ன நியாயம்? ஆணுக்குச் செய்யும் வாசக்டமி அதனினும் எளியது, ஆண்மையைக் குறைப்பதில்லை.

அரசாங்கக் கிளினிக்கிற்கு மனைவியோடு நீங்களும் செல்லுங்கள், நண்பர்களே. சிந்திப்போம்!