மிஸ்திரியின் ஒரு மணி நேரம் என்ன விலை?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று நம் ஊரில் சொல்வார்கள். விவசாயிக்கென்று சொன்ன அந்தப் பழமொழியைப் பட்டறை வைத்திருப்பவர்களும் பிடித்துக்கொண்டு, கணக்கே பார்க்காமல் இருந்துவிடுகிறார்கள். கணக்குப் பார்த்தால்தான் உழக்காவது மிஞ்சும் என்பது என் கட்சி. கார் பாடி ரிப்பேர், அதாவது டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் செய்யும் பட்டறைகளைப் பற்றியே இங்கு சொல்ல வருகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்போது கார் இல்லாத வீடு குறைவு. ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ முடித்துவிட்டு, சொந்தமாகப் பட்டறை போடலாமா என்று கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே இது நம் எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

கொல்கத்தாவில் வழக்கம் என்ன? வண்டியை நிறுத்தியதும் மிஸ்திரி சுற்றி வந்து பார்ப்பார். ஒரு கதவுக்கு இவ்வளவு, ஒரு மட்கார்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல்வார். நாம் உடனே 'ஏக்டு கம் கொருன்' என்போம். அவரும் குறைப்பார். பக்கத்துப் பட்டறைக்காரர் வாங்கும் தொகையிலிருந்து நூறு இருநூறு குறைத்துச் சொன்னதுதான் அவர் முதலில் சொன்ன தொகை. பக்கத்துப் பட்டறைக்காரரோ இவரைப் பார்த்துச் சொன்னவர். இருவரில் ஒருவருக்கும் தன் ஒரு மணி நேர வேலைக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று தெரியாது.

நான் மதுரையில் டிப்ளமா முடித்துவிட்டு இங்கே வந்து, ரயில்வேயில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரயில்வே ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு வேலையின் அடக்க விலை என்பது வெறும் கூலியும் சாமானும் மட்டும் அல்ல. அதன் மேல் 'ஆன்-காஸ்ட்' என்று ஒன்று ஏறும். மேற்பார்வை, மின்சாரம், இயந்திரத் தேய்மானம், ஸ்டோர்ஸ் என்று நேரடியாக எந்த வேலையிலும் சேராத செலவுகளை எல்லா வேலைகள் மீதும் பங்கிடும் முறை அது. சித்தரஞ்சன் முறை என்று சொல்லப்படும் இன்சென்டிவ் திட்டத்தில், ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி என்று முன்கூட்டியே நேரம் நிர்ணயித்திருப்பார்கள். அந்த நேரத்துக்குள் முடித்து மிச்சம் பிடிக்கும் தொழிலாளிக்கு அதற்கேற்ற ஊக்கத்தொகை உண்டு. செலவை மணிக்குப் பங்கிடுவது, வேலையை மணியில் அளப்பது என்னும் இந்த இரண்டும் ஒரு சின்னப் பட்டறைக்கும் அப்படியே பொருந்தும்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். தொகைகள் என் கற்பனை, முறைதான் முக்கியம். இரண்டு டிங்கர், ஒரு பெயிண்டர், ஒரு ஹெல்பர் உள்ள பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 80,000 ரூபாய். பூஜா போனஸ், விடுப்பு, மருந்துச் செலவு இவற்றின் மாதப் பங்கு 12,000. வாடகை 30,000. மின்சாரம் 10,000. கம்ப்ரஸர், வெல்டிங் மெஷின், ஸ்ப்ரே கன் ஆகியவற்றின் தேய்மானம் 8,000. கணக்கர், டெலிபோன், சில்லறைச் செலவுகள் 10,000. சரியில்லை என்று திரும்பி வரும் வேலை, வராத பாக்கி இரண்டுக்கும் 5,000. கடைசியாக, பலரும் மறந்துவிடுகிற முதலாளியின் சொந்தச் சம்பளம் 35,000. ஆக மொத்தம் மாதம் 1,90,000 ரூபாய்.

இனி மணிக்கணக்கு. கைத்தேர்ச்சி உள்ளவர்கள் மூன்று பேர், 25 நாள், 8 மணி நேரம்: 600 மணி. இந்த 600 மணியும் காசாகுமா? ஆகாது. மல்லிக் பஜாருக்குப் போன ஆள் சாமானோடு திரும்பி வரவில்லை. இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கவில்லை. மழையில் பெயிண்ட் காயவில்லை. பந்த், பூஜை, ஊருக்குப் போனவர் வரவில்லை. நூற்றுக்கு அறுபது வீதம், 360 மணிதான் பில்லில் ஏறுகிறது என்று வைப்போம். 1,90,000-ஐ 360-ஆல் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 528 ரூபாய் அடக்கம். அதன் மேல் 15 சதவீதம் லாபம் சேர்த்தால் 607 ரூபாய். ஒரு கதவுக்கு 5 மணி வேலை என்றால் கூலி சுமார் 3,000 ரூபாய். பெயிண்ட், பட்டி, எமரி பேப்பர் எல்லாம் தனி. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள பட்டறையானால் அந்த 18 சதவீதமும் தனி. அது அரசாங்கத்துப் பணம். அதை வருமானம் என்று எண்ணிச் செலவழித்துவிட்டுப் பின்னால் திண்டாடக்கூடாது.

பெரும்பாலோர் போடும் கணக்கு வேறு. சம்பளம் 80,000, மணி 600, ஆக மணிக்கு 133 ரூபாய்; இரட்டிப்பாக 266 வாங்கினால் கொழுத்த லாபம் என்று நினைக்கிறார்கள். மேலே கண்ட கணக்குப்படி அவர்கள் விற்கும் ஒவ்வொரு மணிக்கும் 262 ரூபாய் கையிலிருந்து போகிறது. பட்டறை நிறைய வண்டி நிற்கும்; பெட்டியில் காசு இருக்காது. காரணம் கேட்டால் ராசி இல்லை என்பார்கள்.

இந்தக் கணக்கில் இன்னொரு பாடமும் உண்டு. அதே பட்டறையில் 360 மணிக்குப் பதில் 450 மணி பில்லில் ஏறினால் அடக்கம் 422 ரூபாயாக இறங்கிவிடும். 300 மணியாகக் குறைந்தால் 633-க்கு ஏறிவிடும். ஆகவே லாபத்துக்கு வழி கட்டணத்தை ஏற்றுவது மட்டும் அல்ல. வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே என்னென்ன சாமான் வேண்டும் என்று முழுப் பட்டியல் எடுப்பது, ஒவ்வொரு வேலைக்கும் ஆரம்பித்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறிப்பது ஆகியவற்றுக்குக் காசு செலவில்லை.

'மரத்தடியில் பாதி விலைக்குச் செய்கிறானே, அவனோடு எப்படிப் போட்டி போடுவது?' என்று கேட்பார்கள். போட்டி போட வேண்டாம் என்பேன். நசுங்கலைத் தட்டி எடுக்காமல் கனமாகப் பட்டியை அப்பி மேலே பெயிண்ட் அடித்தால் சீக்கிரம் முடியும், விலையும் குறையும். தண்ணீர் தேங்கும் நம் தெருக்களில் இரண்டு மழைக்காலம் போனால் பட்டி வெடித்து, உள்ளே துரு எட்டிப் பார்க்கும். அந்த விலையும் வாடிக்கையாளர் கொடுப்பதுதான்.

2014-ல் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றுபோனது. கனத்த தகடு கொண்ட அந்த வண்டிக்குச் சுத்தியலும் கைப்பழக்கமும் போதும். இன்றைய கார்களில் உள்ள உயர் வலிமை எஃகைக் கண்டபடி சூடு காட்டினால் அதன் பலம் போய்விடும். தெரிந்து செய்பவனுக்கும் தெரியாமல் செய்பவனுக்கும் ஒரே கூலி என்றால், தெரிந்துகொள்ள யார் முன்வருவார்கள்?

இன்ஷூரன்ஸ் உள்ளவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண பாலிசியில் புதிதாக மாற்றும் இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதுப்படி தேய்மானம் கழிப்பார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் பத்து வருடம் வரை 40 சதவீதம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு எந்த வயதானாலும் 50 சதவீதம். டிங்கரிங் கூலிக்கு இந்தக் கழிவு கிடையாது. எனவே பழைய வண்டியில் பாகத்தை மாற்றுவதைவிட, நியாயமான கூலி கொடுத்துச் சரிசெய்வது பல சமயம் நமக்கே லாபம். கூலியைத் தனியாகக் காட்டி பில் போடும் பட்டறை நமக்கு நல்லது செய்கிறது.

கட்டணத்தை எல்லாப் பட்டறைக்காரர்களும் கூடி ஒன்றாக நிர்ணயிக்கலாமே என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அதற்கு இடம் தராது. பெரிய கம்பெனிகளுக்கும் அதே நியாயம்தான். அமெரிக்காவில் கார் ரிப்பேர் கட்டணத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனங்களின் சங்கங்கள் கட்டுப்படுத்துவதாக அந்நாட்டு அரசு தொடுத்த வழக்கில், அது கூடாது என்று 1963-ல் சம்மத உத்தரவு பிறந்தது. ஒவ்வொருவரும் தன் செலவைத் தானே கணக்கிட்டுத் தன் விலையைச் சொல்வதே நேர்மையான வழி.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. இன்று கார்களுக்கு அடிக்கும் இரண்டு கலவைப் பெயிண்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. அதன் புகையைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரும். மூக்கில் கைக்குட்டை கட்டினால் அது நிற்காது. சரியான முகமூடியும் காற்றை வெளியே இழுக்கும் வசதியும் வேண்டும். அந்தச் செலவு கூலிக்குள்தான் அடங்க வேண்டும். நாம் பேரம் பேசிக் குறைக்கும் ஐந்நூறு ரூபாய் பெரும்பாலும் முதலாளியின் லாபத்திலிருந்து போவதில்லை. பெயிண்டரின் முகமூடியிலிருந்துதான் போகிறது.

பட்டறை வைக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு: உங்கள் மணிக் கட்டணத்தைக் கணக்கிட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கு: டிங்கர் வேலையா என்று முகம் சுளிக்காதீர்கள்; கணக்குத் தெரிந்து செய்தால் அது கௌரவமாகப் பிழைக்கும் தொழில். கார் வைத்திருக்கும் நமக்கு: அடுத்த முறை குறைக்கச் சொல்வதற்கு முன், எத்தனை மணி வேலை என்று கேட்போம். பதில் சொல்லத் தெரிந்த மிஸ்திரிக்கு அவர் கேட்டதைக் கொடுப்போம்.