ஏட்டில் ஏறாத கணக்கு



அண்மையில் ஒருநாள் எங்கள் மதரஸாவில் வாரிசுரிமைப் பங்கீட்டைக் கற்பிக்கும் ஃபராயிள் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு இறந்துபோகிறார். கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சிய சொத்தை எவ்வாறு பங்கிடுவது? மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. மீதியில் மகளுக்கு ஒன்று என்றால் மகனுக்கு இரண்டு. விதி மாணவர்களுக்கு மனப்பாடமாக இருந்தது. ஆனால் மொத்தத்தை 24 கூறுகளாக வைத்து, மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7 என்று கரும்பலகையில் எழுதியபோது ஒரு மாணவன் எழுந்து நின்றான்.

“இந்த 24 எங்கேயிருந்து வந்துச்சு, ஹஜ்ரத்?”

இரண்டு முறை விளக்கினேன். அவன் முகம் தெளியவில்லை. அப்போது, பல ஆண்டுகளாக நினைவின் அடியில் கிடந்த ஒரு விடுகதை என் நாவுக்கு வந்தது. என் நன்னி சொன்ன விடுகதை. உங்களில் பலரும் சிறுவயதில் கேட்டிருப்பீர்கள்.

பறந்து செல்லும் ஒரு பறவைக் கூட்டத்தைப் பார்த்து, ஒற்றைப் பறவை ஒன்று, “நீங்கள் நூறு பேரா?” என்று கேட்கிறது. “இல்லை, நாங்கள் இத்தனை பேர், எங்களைப் போல் இன்னும் இத்தனை பேர், எங்களில் பாதி, அந்தப் பாதியில் பாதி, இவற்றோடு உன்னையும் சேர்த்தால் நூறு” என்று கூட்டம் மறுமொழி கூறுகிறது. அப்படியானால் கூட்டத்தில் எத்தனை பறவைகள்?

நன்னி இதற்குப் பேனாவைத் தேடியதில்லை. இருப்பவற்றுள் மிகச் சிறிய பங்கு எது? பாதியில் பாதி, அதாவது கால். அதை ஒரு கூறு என்று வைத்துக்கொள். அப்போது கூட்டம் 4 கூறு, இன்னும் அத்தனை என்பது மற்றொரு 4, பாதி 2, கால் 1. ஆக 11 கூறு. நூறிலிருந்து ஒற்றைப் பறவையைக் கழித்தால் 99. அதைப் 11 ஆல் வகுத்தால் ஒரு கூறு 9. கூட்டத்துக்கு 4 கூறு, விடை 36.

நான் முடிப்பதற்குள் அந்த மாணவன் சொன்னான்: “அப்போ நாமளும் எல்லாருக்கும் பொருந்துற மாதிரி சின்னக் கூறா வெட்டிக்கிறோம். எட்டாப் பிரிச்சா மீதி ஏழை மூணாப் பங்கு போட முடியல. அதனால எட்டை மூணால பெருக்கி 24!”

அவன் மகிழ்ச்சியோடு அமர்ந்தான். நான்தான் அன்று மகிழ்ச்சியோடு வீடு திரும்பவில்லை. காரணம் இருக்கிறது.

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நான் கல்லூரி மாணவன். கணக்கெடுக்க வந்தவர் நன்னிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். வீட்டில் படித்தவன் நான் என்ற மிடுக்கோடு, “தெரியாது” என்று முந்திக்கொண்டு சொன்னேன். அடுப்படியிலிருந்து நன்னியின் குரல் வந்தது: “எண்ணத் தெரியும்னு எழுத அதுல எடம் இருக்கா, கேளுய்யா!” நான் சிரித்துவிட்டேன். சொன்ன பதில் தவறன்று. நன்னிக்கு எழுத்து தெரியாதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் சிரித்தது தவறு என்பது அன்று உறைக்கவில்லை.

கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காடுகளில் பருத்தி எடுத்தே பிள்ளைகளை வளர்த்தவர் அவர். எடுத்த பருத்தியில் ஒரு பங்குதான் அக்காலத்தில் கூலி. மானத்தைப் பார்த்துப் பிழைக்கும் மானாவாரிச் சீமையில், பங்கில் ஒரு கை குறைந்தாலும் அன்றிரவு கஞ்சியில் தெரியும். ஆகவே அவர் கணக்கில் ஏமாந்ததில்லை. அரை, கால், அரைக்கால் என்று அம்பாரத்தைக் கண்ணாலேயே கூறுபோடுவார். தம்பி திண்ணைப் பள்ளியில் படித்துவந்து உரக்க ஒப்பித்த வாய்பாட்டை, வீட்டு வேலை செய்துகொண்டே காதால் கேட்டுப் படித்ததாகச் சொல்வார்.

வாசகர்களே, அந்த வாய்பாடு சாமானியமானதன்று. பாதியும் அதன் பாதியுமாக இறங்கி, அரைக்கால் என்பது 8இல் ஒன்று, மாகாணி என்பது 16இல் ஒன்று எனச் செல்லும் ஒரு வரிசை. மா என்பது 20இல் ஒன்று, காணி என்பது 80இல் ஒன்று, முந்திரி என்பது 320இல் ஒன்று என்று செல்லும் இன்னொரு வரிசை. இவற்றையெல்லாம் பெருக்கிச் சொல்லும் ‘எண்சுவடி’யைப் பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பித்தார்கள். நம் மார்க்கம் வகுத்த பங்குகளில் அரை, கால், அரைக்கால் என மூன்றுக்குத் தமிழில் தனித்தனிப் பெயரே இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய பள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தவை அல்ல. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எடுக்கச் சொன்ன கணக்கின்படி, மாகாணம் முழுதும் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருந்தனர் என்று அவருடைய 1826ஆம் ஆண்டுக் குறிப்பு கூறுகிறது. அதற்கும் முன்பே, சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படித்ததையும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பித்ததையும் கண்டார். அதைப் பின்பற்றித் தாம் செய்த சோதனையை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவிற்று. எனினும் முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. என் நன்னி கதவுக்கு இப்பால் நின்று கேட்டவர்தாம்.

திண்ணையில் கணக்கு மட்டுமா இருந்தது? கணக்கே கவிதையாக இருந்தது. காரி நாயனார் இயற்றிய ‘கணக்கதிகாரம்’ என்னும் பழைய நூல், நிலம் அளப்பதையும் நெல் அளப்பதையும் பொன் நிறுப்பதையும் செய்யுளிலேயே கற்பிக்கிறது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண அதில் ஒரு வழி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, 6 ஆல் பெருக்கி, 5 ஆல் வகுக்கச் சொல்கிறது. காகிதம் அரிதான காலத்தில் எதுகையும் மோனையுமே அறிவைக் கட்டிவைத்த கயிறுகள்.

நம் முன்னோரும் அவ்வழியில் நடந்தவர்களே. முழுமையாகக் கிடைத்துள்ள தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் காலத்தால் முந்தியதாகக் கொள்ளப்படும் ‘ஆயிர மசலா’, 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடியது. மசலா என்றாலே வினா. கேள்வி கேட்டு விடை கூறிக் கற்பிக்கும் முறையே அங்கு இலக்கிய வடிவமாகிவிட்டது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, சிறிது தொலைவில் உள்ள எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5,000க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. இந்த இலக்கியச் செல்வத்தை ஆராய்ந்து உலகறியச் செய்தவருள் இலங்கைப் பேராசிரியர் ம. முகம்மது உவைஸ் முதன்மையானவர். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணியைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு 1953இல் நூலாயிற்று. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அவர் இத்துறைக்கே பேராசிரியராக அமர்ந்தார்.

ஆக, கணக்கு, கவிதை, கல்வி, நாட்டார் வழக்கு ஆகிய நான்கும் ஒரே திண்ணையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கல்லூரிகள்தாம் அவற்றுக்குத் தனித்தனி அறைகளைக் கொடுத்தன. கலைப் பட்டம் பெற்ற நானும் அவற்றில் ஓர் அறையிலிருந்து வெளிவந்தவன்தான். அதனால்தான் அடுப்படியில் இருந்த ஆசிரியையை எனக்கு அடையாளம் தெரியாமற்போயிற்று.

பிரிந்தவற்றை மீண்டும் சேர்த்தவர்களும் உண்டு. எங்கள் ஊரில் ‘ஆராய்ச்சி’ என்றதும் பருத்தி, சோள விதைகளைத் தேர்ந்தெடுத்துத் தரும் வேளாண் ஆராய்ச்சி நிலையமே நினைவுக்கு வரும். விதையைப் போலவே சொல்லையும் கதையையும் பொறுக்கிச் சேர்த்தவர்கள் இந்த வட்டாரத்தில் வாழ்ந்தார்கள். பாளையங்கோட்டையில் ஆசிரியராக விளங்கிய நா. வானமாமலை நாட்டுப்பாடல்களைத் திரட்டி வெளியிட்டார். 1969இல் ‘ஆராய்ச்சி’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். கரிசல் சிற்றூராகிய தங்கம்மாள்புரத்து ஆசிரியர் எஸ். எஸ். போத்தையா ஊர் ஊராகப் பாடல்களைக் கேட்டு எழுதினார். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலின் கி. ராஜநாராயணனோ, மழைக்காகவே பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன் என்று தம்மைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டவர். ஆனால் கரிசல் மக்களின் பேச்சுக்கு ஒரு சொல்லகராதியே உண்டாக்கி 1982இல் வெளியிட்டார். 1989இல் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து, நாட்டார் கதைகளைத் தொகுக்கும் பணியைத் தந்தது. 2021இல் மறையும் வரை அவர் கேட்பதையும் எழுதுவதையும் நிறுத்தவில்லை.

கணித உலகிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வேன். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோன்மணி. பழந்தமிழ்க் கல்வெட்டெழுத்திலும் தோய்ந்தவர். அவரும் ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகிய கணித அறிஞர்களும் வாசலில் இடப்படும் கோலங்களை ஆராய்ந்தனர். சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைக்க இலக்கணம் இருப்பதுபோல, சிறு கோலத்திலிருந்து பெரிய கோலம் வளரவும் இலக்கண விதிகள் உண்டு என்று காட்டி, 1974இல் கட்டுரை வெளியிட்டனர். கணினியில் படங்களை விதிகளால் உருவாக்கும் துறைக்கு அது ஒரு பங்களிப்பாக அமைந்தது. நம் வீட்டு வாசலில் கோலம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பத்தமடையில் நம் சகோதரிகள் கோரையையும் இழையையும் எண்ணி எண்ணிப் பாய் நெய்கிறார்களே, அந்த எண்ணிக்கையை யார் எழுதி வைத்திருக்கிறோம்?

நான் முன்னே சொன்ன எண்சுவடியையும் திண்ணைப் பள்ளிக் கணக்கையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் செந்தில் பாபு ஆழ்ந்து ஆராய்ந்துள்ளார். அவருடைய ஆங்கில நூலை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் 2022இல் வெளியிட்டது. நன்னியின் காதில் விழுந்த வாய்பாடு இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பொருள்!

நம் சமுதாய வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. பக்தாதில் ஏறத்தாழ 820ஆம் ஆண்டில் அல்குவாரிஸ்மீ எழுதிய ‘அல்ஜப்ர்’ நூலிலிருந்தே அல்ஜீப்ரா என்ற பெயர் பிறந்தது. அந்நூலின் பெரும்பகுதி எதைப் பற்றியது தெரியுமா? வஸிய்யத்தையும் வாரிசுப் பங்கையும் பற்றியது. குடும்பத்தில் எழும் கேள்வியைத் தாழ்வாக எண்ணாமல் கையில் எடுத்ததால் ஒரு பெருங்கலை வளர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. முதியோர் சொன்னதெல்லாம் சரி என்று கண்ணை மூடிக்கொள்வது ஆராய்ச்சியாகாது. கணக்கதிகாரத்தின் பலாப்பழ விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். குற்றாலத்துப் பக்கமிருந்து பழம் வரும் பருவத்தில் பிள்ளைகளை விட்டு முட்களை எண்ணச் சொல்லுங்கள். அறுத்தபின் சுளைகளையும் எண்ணச் சொல்லுங்கள். பொருந்தினாலும் எழுதிவைக்கட்டும், பொருந்தாவிட்டாலும் எழுதிவைக்கட்டும். மதிப்போடு கேட்பது பாதி, அஞ்சாமல் சோதிப்பது பாதி. இரண்டும் சேர்ந்ததே ஆராய்ச்சி.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த விடுகதை, கணக்கு, அளவு, தாலாட்டு, சமையல் பக்குவம் எதுவாயினும் கேளுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். பேச்சைத் திருத்தி ஏட்டு நடையாக்காதீர்கள். யாரிடம் கற்றார், எந்த ஊரில், எவ்வளவு வயதில் என்பதையும், நீங்கள் எழுதிய நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டம் பெறாத பெண்மணியும் இதைச் செய்யலாம். பள்ளி செல்லும் பிள்ளையும் செய்யலாம்.

நான் செய்யவில்லை. நன்னி மறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. பறவைக் கணக்கு ஊரறிந்தது, அதனால் பிழைத்தது. அவர் மட்டுமே சொல்லி நான் கேட்ட ஒரு பருத்திக் கணக்கு உண்டு. மடி நிறையப் பருத்தியோடு வரும் பெண் ஒருத்தி மூன்று ஓடைகளைக் கடக்கிறாள். ஒவ்வோர் ஓடையிலும் மடியில் உள்ளதில் பாதியையும், அதன்மேல் ஏதோ சிறிதும் கொடுக்கிறாள். அந்தச் சிறிது எவ்வளவு, முடிவில் மடியில் எஞ்சியது எவ்வளவு என்பவை எனக்கு மறந்துவிட்டன. அவையின்றிக் கணக்கைப் போட முடியாது. எத்தனையோ இரவுகள் முயன்று பார்த்துவிட்டேன்.

உங்கள் வீட்டில் யாருக்கேனும் அந்தக் கணக்கு தெரிந்திருந்தால் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், சொன்னவரின் பெயரோடும் ஊரோடும் இப்பக்கத்தில் வெளியிடுவேன்.