அதிகப் புள்ளி, அதிகப் பயனா?

மலேசியாவின் போனஸ்லிங்க் போன்ற வாடிக்கையாளர் விசுவாசத் திட்டங்களில், வெவ்வேறு பங்காளி நிறுவனங்களில் பெறும் புள்ளிகள் ஒரே கணக்கில் சேர்கின்றன. ஆனால், பங்காளி நிறுவனங்கள் யாவும் ஒரே விகிதத்தில் புள்ளி வழங்க வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு கடை ஒரு ரிங்கிட்டுக்கு ஒரு புள்ளியும் மற்றொரு கடை இரண்டு ரிங்கிட்டுக்கு ஒரு புள்ளியும் தரலாம். 100 புள்ளிகளின் மதிப்பு ஒரு ரிங்கிட் என்றால், 100 ரிங்கிட் செலவழிப்பவருக்கு முதல் கடையில் ஒரு ரிங்கிட்டும் இரண்டாம் கடையில் 50 சென்னும் திரும்பக் கிடைக்கும். ஆயினும், அதே பொருள்களின் விலை முதல் கடையில் இரண்டு ரிங்கிட் கூடுதலாக இருந்தால், அங்கு வாங்குவது நட்டமே. எனவே, அதிகப் புள்ளி தரும் நிறுவனமே சிறந்த பங்காளி என்று எண்ணுவது தவறு.

புள்ளிகளுக்குக் காலவரம்பும் உண்டு. குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அவை காலாவதியாகிவிடக்கூடும். ஆகவே, எப்போதாவது செல்லும் கடையைவிட, அன்றாடத் தேவைக்குச் செல்லும் கடையில் சேரும் புள்ளிகளே உரிய காலத்தில் கைகொடுக்கும்.

புள்ளிக்காகத் தேவையற்ற பொருளை வாங்குவோர் நிறுவனத்தின் வருமானத்தையே பெருக்குகின்றனர். முதலில் தேவை, அடுத்து விலை, அதன்பின் புள்ளி என்று சிந்திக்கும் பயனீட்டாளரே உண்மையில் சேமிக்கிறார்.