தமக்கையின் கைச்சீட்டுகள்

சித்தம் பேதலித்த தம்பி கொலைக் குற்றத்தில் கைதானான் என்னும் செய்தி மதுரையை அடுத்த சமயநல்லூர் போன்றதோர் ஊரில் ஒரு வீட்டினுள் புகுமாயின், மாண்டவரின் குடும்பத்துக்காக அழுவதா, உடன்பிறந்தவனுக்காக அஞ்சுவதா என்று பரிதவிக்கும் தமக்கையின் வேதனையை அயலாரின் ஏச்சு இருமடங்காக்கிவிடுகிறது. வெட்கத்தால் அவள் எரித்துவிட நினைக்கும் பழைய மருந்துச் சீட்டுகளோ நியாயஸ்தலத்தில் பிரதான சாட்சியமாகக் கூடியவை.

மனைவியைக் கொன்ற மகாராஷ்டிரக் காவலர் ஒருவரை 2002-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அவர் பெற்ற மனநோய்ச் சிகிச்சையையும் அவர் குடும்பத்தின் நோய் வரலாற்றையும் சீர்தூக்கியே. அவ்விடுதலைக்கு ஆதாரமான, இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 84-ஆம் பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவாக நிற்கிறது. நோயுண்டு என்பது மட்டும் போதாது, செய்வதன் தன்மையையோ அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அக்கணத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவன் அந்நோயால் அறிய இயலாதிருந்தான் என்பதை அவன் தரப்பே ஸ்தாபிக்க வேண்டும். அதற்குத் துணையாகக் காவலில் இருப்பவனுக்கு இலவசச் சட்ட உதவி உண்டென்பதை, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து இத்தனை காலமாகியும், எத்தனை குடும்பங்கள் அறியும்?

மதுரைக் காவல்துறையாரை நாம் வேண்டுவது ஒன்றே: கைதான முதல் இரவிலேயே தமக்கை கொண்டுவரும் மாத்திரைகளையும் சீட்டுகளையும் பெற்று, தாமதமின்றி மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள்.